கேமராவுக்குப் படியளந்தவர்கள்

(திருவனந்தபுரத்தில் தமிழ் வாசகர்களுக்கு ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய காலத்தில் பேர் வாங்கிய ஒளிப்படக் கலைஞர்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். அவர்களுடைய வெளிச்சம், கோணம், ஷட்டரை அழுத்திய அந்த நொடி ஆகியவற்றைப் பற்றி ஏராளமாகப் பேசியிருக்கிறோம். இன்று நான் எடுத்துக்கொள்ளப் போவது வேறொரு கேள்வி. இவர்களுக்கு யார் படியளந்தார்கள்? மாதம் பிறந்தால் அரிசிக்கும் வாடகைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? ஒரு மனிதரின் தொழில் வாழ்க்கையைப் பேசுகிறோம் என்றால் இதைக் கேட்காமல் பேச முடியாது. அதோடு, ஒரு நாட்டில் எதெல்லாம் படமாகிறது, எதெல்லாம் படமாகாமலே மறைகிறது என்பதும் பெரும்பாலும் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

இங்கே சாலைத் தெருவில் கடை வைத்துக்கொண்டே ஆ. மாதவன் கதை எழுதினார் என்பது உங்களுக்குத் தெரியும். கடை அவருக்குச் சோறு போட்டது. எழுத்து யாருக்கும் கடமைப்படாமல் நின்றது. எழுத்துக்கு ஒரு பேனா போதும். ஒளிப்படத்துக்கு அப்படி இல்லை. கேமரா வேண்டும், ஃபிலிம் வேண்டும், கழுவ வேண்டும், பிரிண்ட் போட வேண்டும், படம் இருக்கிற இடத்துக்கு வண்டி பிடித்துப் போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முன்பணம் தேவை. அதைக் கொடுப்பவருக்கு ஒரு விருப்பம் இருக்கும்.

பாளையத்தில் இருக்கும் அய்யன்காளி ஹாலை எடுத்துக்கொள்ளுங்கள். 1896-இல் அது விக்டோரியா ஜூபிலி டவுன் ஹால். பேர் மாறியது 2019-இல். அந்த ஹால் புதுச் சுண்ணாம்போடு நின்ற காலத்தில் இந்த ஊரில் சக்கரியாஸ் டிக்ரூஸ் என்றொருவர் திருவிதாங்கூர் அரசுக்காகப் படமெடுத்துக்கொண்டிருந்தார். 1900-ஐ ஒட்டி வைஸ்ராய் கர்சனுக்குப் போன அவருடைய ஆல்பம் இப்போது லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. கோவில்கள், அரண்மனைகள், அரசுக் கட்டடங்கள், மலைக் காட்சிகள் என்று ஒரு சமஸ்தானம் வெளியாருக்குத் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள நினைத்ததோ அப்படி அமைந்த படங்கள். முக்காலியும் கண்ணாடித் தகடுகளும் சுமந்துகொண்டு அந்த மனிதர் எடுத்த படங்களில் உள்ள துல்லியம் இன்றும் அசரவைக்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் அதே காலத்தில், 1893-இல், வெங்ஙானூரில் ஒடுக்கப்பட்டோரின் தலைவர் அய்யன்காளி வெள்ளைக் காளைகள் பூட்டிய வில்வண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் போனார். தன் மக்கள் நடக்கக்கூடாது என்று தடுக்கப்பட்ட சாலை அது. திருவிதாங்கூரின் வரலாற்றில் அந்தப் பயணத்துக்கு நிகரான காட்சி குறைவு. அதை நாம் வாய்மொழியாலும் எழுத்தாலும் வெள்ளயம்பலத்துச் சிலையாலும்தான் அறிகிறோம். கேமரா ஊரில் இருந்தது. அதற்குப் படியளந்தவர்கள் அந்தச் சாலையில் இல்லை.

அடுத்து சிவன். 1932-இல் ஹரிப்பாட்டில் பிறந்த சிவசங்கரன் நாயர். இந்த மாநிலத்தின் முதல் அரசுப் பத்திரிகை ஒளிப்படக்காரர் என்ற இடம் அவருக்கு உண்டு. 1957 ஏப்ரலில் இ.எம்.எஸ். அமைச்சரவை பதவியேற்றதை எடுத்தவர். 1959-இல் சொந்தமாக சிவன்ஸ் ஸ்டுடியோவைத் தொடங்கினார். அரசின் சம்பளத்தையும் பார்த்தவர், ஸ்டுடியோவின் வரவு செலவையும் பார்த்தவர். பிறகு சினிமா. 1965-இல் வந்த 'செம்மீன்' படத்துக்கு ஸ்டில் எடுத்தது சிவன்தான். மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவைப் பலர் புகழ்ந்திருக்கிறார்கள், அது நியாயமான புகழ். ஆனால் திரையரங்கிலிருந்து படம் இறங்கிய பிறகு வாரப்பத்திரிகையிலும் பாட்டுப் புத்தகத்திலும் சுவரொட்டியிலும் மக்கள் கண்ணில் நின்றவை அசையாத ஸ்டில்கள். தொலைக்காட்சி இல்லாத நாளில் ஒரு படத்தின் நினைவைச் சுமந்தது அவைதான்.

ஸ்டில் போட்டோகிராபரின் வேலையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். ஷாட் ஓகே ஆனதும் 'ஸ்டில்!' என்று குரல் வரும். விளக்கை அணைக்கச் சில நிமிடம் இருக்கும். அதற்குள் அவர் மூவி கேமரா இருந்த இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். நடிகர்கள் அப்போதுதான் உணர்ச்சியிலிருந்து இறங்கியிருப்பார்கள். அவர்களை மறுபடி அந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும். 120 ஃபிலிமில் சதுரப் படம் என்றால் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டுதான். தயாரிப்பாளர் ஃபிலிமுக்குக் கணக்குக் கேட்பார். லைட்பாய் காத்திருப்பார். இயக்குநர் அடுத்த ஷாட்டுக்கு நகர்ந்திருப்பார். இந்த நெருக்கடியில்தான் நாம் இன்று கொண்டாடும் முகங்கள் பதிவாயின. எடுத்தவர் பேர் பெரும்பாலும் டைட்டில் அட்டையில் ஓரமாக ஒரு வரி.

அந்த ஒரு வரியில் ஏறக்குறைய 170 படங்களில் வந்த பெயர் என். எல். பாலகிருஷ்ணன். இந்த ஊருக்குப் பக்கத்துப் பௌடிக்கோணத்துக்காரர். 'கேரள கௌமுதி'யில் பத்திரிகை ஒளிப்படக்காரராக இருந்தவர். அடூர் கோபாலகிருஷ்ணன், அரவிந்தன், ஜான் ஆபிரகாம், பத்மராஜன், பரதன் என்று மலையாளப் புதிய சினிமாவின் முகங்கள் எல்லாம் அவருடைய ஸ்டில்களின் வழியாகத்தான் வெளியுலகுக்குப் போயின. அந்தப் படங்களின் பட்ஜெட் எவ்வளவு சிறியது என்பது உங்களுக்குத் தெரியும். ஃபிலிம் சொசைட்டி ஆர்வமும் கடனும் சேர்ந்து எடுத்தவை. ஸ்டில் எடுப்பவருக்குப் பெரிய சம்பளம் அங்கே கிடைக்க வழியில்லை. பின்னாளில் அவர் நடிகரும் ஆனார். அந்தப் பெரிய உடம்பையும் வெள்ளந்திச் சிரிப்பையும் நூற்றுக்கும் மேலான படங்களில் பார்த்திருக்கிறோம். 2014 டிசம்பரில் அவர் காலமானபோது ஊரில் பலர் ஒரு நகைச்சுவை நடிகருக்காக வருந்தினார்கள். என் வருத்தம் வேறு. படப்பிடிப்பின் இடைவெளிகளில், தரையில் உட்கார்ந்து யோசிக்கிற இயக்குநர்களை, காத்திருக்கிற நடிகைகளை, டிராலி தள்ளுகிறவர்களை அவர் எடுத்துவைத்தார். அதற்கு யாரும் காசு கொடுக்கவில்லை. ஃபிலிமின் கடைசி ஒன்றிரண்டு ஃபிரேம்களில் தனக்காக எடுத்தவை போல அவை தோன்றும். ஒரு சினிமா இயக்கத்தின் குடும்ப ஆல்பம் என்று அதைச் சொல்வேன்.

சம்பளம் ஓரிடத்தில், மனசு ஓரிடத்தில் என்று வாழ்ந்த இன்னொருவர் புனலூர் ராஜன். மாஸ்கோவில் திரைப்படப் படிப்பு. திரும்பி வந்து வேலை பார்த்தது கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில். ஆஸ்பத்திரிக்குத் தேவையான படங்களை எடுப்பது உத்தியோகம். எழுத்தாளர்களை எடுப்பது நட்பு. பேப்பூர் வீட்டில் சாய்வு நாற்காலியில் இருக்கும் வைக்கம் முகம்மது பஷீரை நீங்கள் மனக்கண்ணில் பார்க்கிறீர்கள் என்றால், பெரும்பாலும் நீங்கள் பார்ப்பது ராஜனின் படம். பத்திரிகை அனுப்பிய ஆள் அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டுப் போகும் படத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று பாருங்கள். பஷீர் கேமராவைக் கவனிப்பதே இல்லை. சட்டை போடவில்லையே என்ற கூச்சமும் இல்லை. வீட்டுக்கு வந்துபோகும் ஆள் கையில் ஏதோ வைத்திருக்கிறான், அவ்வளவுதான். அந்த நெருக்கத்தை எந்தச் சம்பளமும் வாங்கித் தராது. 2020 ஆகஸ்டு 15-ஆம் தேதி ராஜன் மறைந்தார்.

பத்திரிகைகளும் பெரிய அளவில் படியளந்திருக்கின்றன. அதை நன்றியோடு சொல்ல வேண்டும். மலையாள மனோரமாவின் விக்டர் ஜார்ஜ் மழையை ஆண்டுக்கணக்காக எடுத்தவர். அன்றாட வேலையின் நடுவே அந்த மழைப் படங்கள் ஒரு புத்தகத்துக்காகச் சேர்ந்துகொண்டே வந்தன. 2001 ஜூலை 9-ஆம் தேதி இடுக்கி மாவட்டத்தில் வண்ணப்புறம் பக்கத்து மலையில் நிலச்சரிவை எடுக்கப் போனார். இன்னொரு சரிவு அவரையே கொண்டுபோய்விட்டது. புத்தகம் அவருக்குப் பிறகுதான் வந்தது. இருபது ஆண்டு கழித்து, 2021 ஜூலை 16-ஆம் தேதி, ராய்ட்டர்ஸின் டானிஷ் சித்திக்கி ஆப்கானிஸ்தானில் ஸ்பின் போல்டாக்கில் கொல்லப்பட்டார். கோவிட் காலத்து இந்தியாவை எடுத்ததற்காக அடுத்த ஆண்டு அவருக்கும் அவருடைய சக கலைஞர்கள் மூவருக்கும் புலிட்சர் பரிசு கிடைத்தது. இரண்டு பேருமே வேலை நேரத்தில் இறந்தவர்கள். இந்தத் தொழிலைச் சொகுசான பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்கள் இந்த இரண்டு ஜூலைகளையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மாத்ருபூமியின் மதுராஜைப் பற்றி இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காசர்கோட்டில் பிளாண்டேஷன் கார்ப்பரேஷனின் முந்திரித் தோட்டங்களின் மேல் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை இது நடந்தது. தோட்டத்துக்குக் கீழே கிணறுகள், ஓடைகள், வீடுகள். அந்த வீடுகளில் வளர்ச்சி குன்றிய பிள்ளைகள், வலிப்பு வந்த பிள்ளைகள், பாயிலிருந்து எழ முடியாத பிள்ளைகள். மதுராஜ் எடுத்த படங்கள் வார இதழில் வந்தன. கண்காட்சிகளாக ஊர் ஊராகப் போயின. விவசாயிகளும் மருத்துவர்களும் உள்ளூர்ப் போராட்டக்காரர்களும் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்ததற்கு அந்தப் படங்கள் முகம் கொடுத்தன. 2011-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் எண்டோசல்ஃபான் சேர்ந்தது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் இடைக்காலத் தடை விதித்தது. ஒரு படத்தால் தடை வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது போராடிய தாய்மார்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் ஒரு வார இதழ் தன் ஆளை ஒரே மாவட்டத்துக்கு மறுபடி மறுபடி போகவிட்டதே, அது ஒரு முதலீடு. இன்று செய்தி அறைகளில் நான் காண்பது நேர்மாறு. நிருபரே கைபேசியில் எடுத்து அனுப்பிவிடட்டும் என்கிறார்கள். ஒரு கிராமத்துக்கு இரண்டாம் முறை போக அனுமதி கேட்டால் முதல் முறை எடுத்த படம் என்னாயிற்று என்று கேட்கிறார்கள்.

உலகத்தில் பெரிய பேர் வாங்கியவர்களும் இந்தக் கேள்விக்கு ஏதாவது ஒரு பதிலைத் தேடிக்கொண்டவர்கள்தான். 2025 மே மாதம் மறையும்வரை உழைத்த பிரேசில்காரர் செபாஸ்தியாவ் சல்காடோ பொருளாதாரம் படித்தவர். காப்பி வியாபாரம் சார்ந்த சர்வதேச அமைப்பில் உத்தியோகம் பார்த்துவிட்டு ஒளிப்படத்துக்கு வந்தார். 1981 மார்ச் 30 அன்று வாஷிங்டனில் அதிபர் ரீகன் சுடப்பட்டபோது அங்கே இருந்த சில கேமராக்காரர்களில் ஒருவர் அவர். அந்தப் படங்களை விற்று வந்த பணத்தில்தான் ஆப்பிரிக்காவில் தான் எடுக்க நினைத்த வேலைக்குப் போனார். நம் தன்பாத் சுரங்கத் தொழிலாளர்களை அவர் எடுத்த படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கரி படிந்த முகத்தில் கண் மட்டும் வெளுப்பாகத் தெரியும். இப்படிப்பட்ட வேலைகளுக்குப் போன அவருடைய பயணத்தின் தொடக்கத்தில் ஒரு துப்பாக்கிச் சூட்டின் விலை இருக்கிறது.

டெல்லியில் தயானிதா சிங். நியூயார்க்கில் படிக்கப் போக, தன் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த சீதனப் பணத்தைத் தாயிடம் கேட்டு வாங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். வெளிநாட்டுப் பத்திரிகைகள் இந்தியா என்றால் எதைக் கேட்கின்றன என்று கொஞ்ச காலத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. வறுமை, சாமியார், விபசாரம். அந்தப் பட்டியலுக்கு எடுத்துக் கொடுப்பதை நிறுத்திவிட்டுப் புத்தகங்களுக்குப் போனார். 2022-இல் அவருக்கு ஹாசல்பிளாட் விருது கிடைத்தது. ஒளிப்படத்துக்கு அதைவிடப் பெரிய மரியாதை உலகில் அரிது. அவர் உடனே ஒரு காரியம் செய்தார். பி. சாய்நாத் தொடங்கிய பாரி இணைய இதழோடு சேர்ந்து ஆவண ஒளிப்படத்துக்கு இரண்டு லட்ச ரூபாய்ப் பரிசு ஒன்றை ஏற்படுத்தினார். முதல் பரிசு போய்ச் சேர்ந்தது மதுரைக்கு, ம. பழனி குமாருக்கு.

பழனி குமார் மதுரைப் பிள்ளை. தாய் மீன் விற்றுக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர். பொறியியல் படித்தார், கடன் வாங்கித்தான் முதல் கேமரா. திவ்யா பாரதி இயக்கி 2017-இல் வெளிவந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். மலக்குழிகளில் இறங்கும் மனிதர்களைப் பற்றிய படம் அது. அதன் பிறகும் அவர் அந்தக் குடும்பங்களை விட்டுவிடவில்லை. செத்தவருக்கு மாலை போட்ட படத்தின் முன்னால் மனைவி நிற்பதை, அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் என்ன பேரால் கூப்பிடப்படுகிறார்கள் என்பதை, அதன் பின்னால் இருக்கும் சாதியைத் தொடர்ந்து பதிவுசெய்தார்.

ராமநாதபுரம் கடலோரத்தில் பாசி எடுக்கும் பெண்களை அவர் எடுத்த படங்களை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். விரல்களில் துணிக் கிழிசல் சுற்றியிருக்கும், பாறை கிழிக்காமல் இருக்க. காலில் ரப்பர் செருப்பு. கண்ணில் நீச்சல் கண்ணாடி. இடுப்பில் வலைப்பை. சேலைக்கு மேல் சட்டை போட்டபடி தண்ணீருக்குள் இறங்குகிறார்கள். ஒரு படத்தில் எனக்கு நெடுநேரம் கண் நின்றது அந்த விரல்களில். துணியைக் கட்டியிருக்கிற விதத்தில் பழக்கம் தெரிகிறது. ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி முடிச்சு. வெளியூரிலிருந்து வந்து ஒரு நாளில் படகைவிட்டு இறங்கிப் போகிறவர் கடலின் நீலத்தை எடுத்திருப்பார். விரலைப் பார்க்க, கூடை சுமந்த தாயைப் பார்த்து வளர்ந்த கண் வேண்டியிருக்கிறது.

டிக்ரூஸிலிருந்து இங்கே வந்து சேர ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகள். அன்று கேமராவின் கண்ணில் படாதவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கேமராவுக்குப் பின்னால் நிற்கிறார்கள். வாடிப்பட்டியின் ஜெய்சிங் நாகேஸ்வரன் பொதுமுடக்கக் காலத்தில் ஊர் திரும்பித் தன் தலித் குடும்பத்தையே எடுத்தார். அவருடைய பாட்டி, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் நடத்தியவர். 2021-இல் மேக்னம் ஃபவுண்டேஷனின் நிதி நல்கை ஜெய்சிங்குக்குக் கிடைத்தது. அமிர்தராஜ் ஸ்டீபன், இங்கிருந்து கன்னியாகுமரியைத் தாண்டியதும் வரும் கூடங்குளத்தின் அணு உலை எதிர்ப்புப் போராட்டத்தைத் தன் கொல்லைப்புறத்து நிகழ்ச்சியாக எடுத்தார். உண்மையிலேயே அவருக்கு அது கொல்லைப்புறம். இவர்களுடைய வேலையை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் இவர்களுக்குப் படியளப்பது பெரும்பாலும் நல்கைகள், விருதுகள். நல்கை ஓராண்டில் முடியும். விண்ணப்பம் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஆங்கிலம் வராத ஒரு திறமைசாலிக்கு அந்தக் கதவு இன்னும் சாத்தியே இருக்கிறது.

நல்கைப் பணம் துணிச்சலான வேலைகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறது, அதையும் மறைக்கக்கூடாது. பெங்களூரின் புஷ்பமாலாவும் கிளேர் ஆர்னியும் 2000-க்கும் 2004-க்கும் இடையே தென்னிந்தியப் பெண்களின் பிம்பங்களைக் கொண்டு ஒரு தொடர் செய்தார்கள். இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் அதற்கு உதவியது. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள கிளிமானூரின் ரவிவர்மா வரைந்த நிலவொளிப் பெண்ணாகப் புஷ்பமாலாவே உட்கார்ந்தார். வரைந்த திரைச்சீலைக்கு முன்னால் விளக்குப் போட்டு, கிளேர் ஆர்னி எடுத்தார். பழைய தமிழ்ப் படமொன்றின் ஸ்டில்லில் ஜெயலலிதா நின்ற கோலத்திலும் அவர் நின்றார். ரவிவர்மாவின் ஓவியங்களைப் பார்த்துவிட்டு வந்து அந்தத் தொடரைப் பாருங்கள். பெண்ணை யார் அலங்கரித்தார்கள், யாருக்காக அலங்கரித்தார்கள் என்பது புரியும். அந்த ஸ்டில்லையும் யாரோ ஒருவர் பன்னிரண்டு ஃபிரேம் கணக்கில் எடுத்திருப்பார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த ஊரில், கரமனையிலும் கிழக்கே கோட்டையிலும் சாலையிலும், தமிழ்க் குடும்பங்களின் கல்யாணங்களையும் காதுகுத்துகளையும் எடுத்த ஸ்டுடியோக்கள் எத்தனையோ இருந்தன. பல மூடிவிட்டன. நெகட்டிவ்களுக்கு என்ன நேர்ந்தது? வெள்ளிக்காக எடைக்குப் போட்ட ஸ்டுடியோக்காரர்கள் உண்டு. கஷ்டத்தில் செய்ததைக் குற்றம் சொல்ல முடியாது. மீதியை இந்த ஊர் ஈரம் தின்கிறது. ஜெலட்டினில் பூஞ்சை பிடிக்கும். அசிட்டேட் ஃபிலிம் சிதையத் தொடங்கினால் வினிகர் வாடை அடிக்கும்; அந்த வாடை வந்த பெட்டியை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துப் பெட்டியும் போகும்.

சட்டத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே அந்தப் படத்தின் முதல் உரிமை. ஆக, ஸ்டுடியோக்காரரின் அலமாரியில் கிடக்கும் படங்களின் உரிமை பல நூறு குடும்பங்களிடம் சிதறிக் கிடக்கிறது. யாரும் தனியாக முன்வந்து காப்பாற்ற மாட்டார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அரசும் பல்கலைக்கழகமும் குடும்பங்களும் சேர்ந்து படியளக்க வேண்டிய வேலை இது. ஒரு குளிரூட்டிய அறை, இரண்டு ஸ்கேனர், படத்தில் இருப்பவர் யார் என்று கேட்டு எழுதிவைக்கச் சம்பளத்துக்கு இரண்டு இளைஞர்கள். இதை இந்த நகரத்தால் செய்ய முடியும்.

உங்களில் யார் வீட்டிலாவது, உறவிலாவது ஸ்டுடியோ நடத்தியவர்கள் இருந்தால், கடையைக் கைமாற்றுவதற்கு முன் அந்தப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். வருஷம், ஊர், பேர் மட்டும் பென்சிலால் எழுதி உறையில் வையுங்கள். பால்பாயிண்ட் வேண்டாம், மை ஊறும். எழுதத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே செய்யுங்கள். கூட்டம் முடிந்ததும் நான் இங்கேதான் இருப்பேன். அப்படிப் பெட்டி வைத்திருப்பவர்கள் வந்து பேசுங்கள்.